மில்லிமீட்டருக்கு 320 படி

வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டின் முன்பகுதி லேத் பட்டறை, பின்பகுதி வீடு. இரண்டுக்கும் நடுவே ஒரு மரப்படி உண்டு. அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோனால் தூக்குச்சட்டியை அந்தப் படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டக் கூடாது. ஆயுத பூசையன்று மெஷின்கள் எல்லாம் நின்று, சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகு அம்மாவும் நானும் உள்ளே போய்ப் பொரி வாங்கிக்கொண்டு வருவோம். தம்பிக்கு அந்தத் தடை இல்லை. ஏழாம் வகுப்பிலேயே அவன் சக் சாவியைப் பிடித்துவிட்டான். "ஓடுத மெஷினுக்குப் பக்கத்துல பொம்பளப்பிள்ளைக்கு என்ன சோலி" என்பார் அப்பா.

இதை அப்பாவின் சொந்தப் பழமைவாதம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு கருத்தரங்குக் கட்டுரைக்காக 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தைப் புரட்டியபோது 22ஆம் பிரிவு கண்ணில் பட்டது. ஓடும் இயந்திரத்தைச் சோதிக்கவோ சரிசெய்யவோ வேண்டியிருந்தால், தனிப் பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண் தொழிலாளிதான் செய்ய வேண்டும். இறுக்கமான உடை அணிந்திருக்க வேண்டும். அந்த உடையை முதலாளி தர வேண்டும் என்று அதில் இருந்தது. அடுத்த உட்பிரிவில், பெண்களும் இளஞ்சிறாரும் ஓடும் எந்திரப் பாகங்களைத் துடைக்கவோ எண்ணெய் விடவோ சரிசெய்யவோ கூடாது என்று இருந்தது. பெண்ணுக்கும் இறுக்கமான உடை தரலாமே என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் பட்டறை போன்ற மூன்று பேர் இடத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை; மின்சாரத்தோடு பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தில் அது தொழிற்சாலையாக இருந்தது. அப்பா அந்தச் சட்டத்தைப் படித்தவரும் இல்லை. ஆனாலும் சட்டமும் அப்பாவும் ஒரே வாக்கியத்தைத்தான் பேசினார்கள்.

அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். அவர் சம்பாதித்த சொத்து அது. வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நான், தம்பி மூவருக்கும் சம பங்கு. பதினாறாம் நாள் கழிந்ததுமே, வழக்கப்படி, அக்காளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. நான் போட மாட்டேன் என்றேன். பணத்துக்காக இல்லை; வகுப்பில் பிள்ளைகளிடம் "கையெழுத்துப் போடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வீட்டில் போட முடியாது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு நான் போகும்போதெல்லாம் அவனுக்கு ஏதோ அவசர ஜாப் இருந்தது.

அவன் அப்போது ஒரு பழைய எம்1டிஆர் மில்லிங் மெஷினை கம்ப்யூட்டரில் ஓட வைக்கும் முயற்சியில் இருந்தான். புது சிஎன்சி வாங்க நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டாது. பழைய மெஷினின் இரும்பு உடம்பு அப்படியே இருக்கும். கைச்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பழைய திருகுத் தண்டுக்குப் பதில் பால் ஸ்க்ரூ போட்டு, அதன் நுனியில் ஸ்டெப்பர் மோட்டார் மாட்டுவார்கள். 'படிமுறை மின்னோடி' என்று என் துறை நண்பர்கள் சொல்லக்கூடும். பட்டறையில் அது ஸ்டெப்பர்தான், ஆனால் அதன் ஸ்டெப்பை மட்டும் 'படி' என்பார்கள். மற்ற மோட்டாரைப் போல இது மின்சாரம் கொடுத்தால் சுழன்றுகொண்டே இருக்காது. ஒரு துடிப்பு கொடுத்தால் ஒரு படி நகரும், நின்றுவிடும். ஒரு முழுச் சுற்றுக்கு 200 படி. டிரைவர் என்ற கறுப்புப் பெட்டி ஒவ்வொரு படியையும் இன்னும் சிறு படிகளாக உடைத்துக் கொடுக்கும். எட்டாக உடைத்தால் ஒரு சுற்றுக்கு 1600. திருகு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் முன்னேறும் என்றால் மில்லிமீட்டருக்கு 320 துடிப்பு. இந்த 320ஐ கம்ப்யூட்டரில் உள்ள மாக்-3 என்ற மென்பொருளுக்குச் சொல்லிவிட வேண்டும். அது சரியாக இருந்தால்தான், 10 மில்லிமீட்டர் போ என்றால் மேசை 10 மில்லிமீட்டர் போகும்.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரியாது. அவன் சொல்ல வந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை. 2021 மே மாதம், இரண்டாம் அலையில், பதினோரு நாளில் தம்பி போய்விட்டான். எக்ஸ், ஒய் என்று இரண்டு அச்சுக்கு மோட்டார் மாட்டி முடித்திருந்தான். மேலும் கீழும் போகும் இசட் பாக்கி.

அவன் மனைவியைப் பற்றித்தான் எழுத வந்தேன். "பேரு வேண்டாம் மதினி, தொழிலுக்கு ஆகாது" என்றுவிட்டாள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன். பி.எஸ்சி. கணிதம் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு பட்டறையின் பில் புத்தகமும் வரிக் கணக்கும் அவள் கையில். என் தம்பியின் பட்டறையில் கணக்கு மட்டும் பார்க்கிற பெண் என்பதுதான் அவளைப் பற்றி என் மனதில் இருந்த சித்திரம். பெண்ணெழுத்தைப் பாடமாக நடத்துகிறவளுக்கு இப்படி ஒரு சித்திரம்.

2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவு. பெருமழையில் தாமிரபரணி கரை மீறி, ஜங்ஷனும் கொக்கிரகுளமும் முங்கிய அந்த வெள்ளத்தை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் விவரிக்க வேண்டாம். ஆற்றை ஒட்டிய எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது அம்மாவை மாடிக்கு அனுப்பிவிட்டு, அவள் டார்ச்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பட்டறைக்குள் போயிருக்கிறாள். மெயினை இறக்கி, கம்ப்யூட்டரையும், பவர் சப்ளையையும், ஒவ்வொரு வயரின் மேலும் ஒரு துண்டு ஒட்டுத்தாள் சுற்றி எழுதிவிட்டு டிரைவர் பெட்டிகளையும் பரணில் ஏற்றியிருக்கிறாள். பவர் பட்டியோடு கடைசியாகப் பிடுங்கிய எக்ஸ் டிரைவர் மட்டும் கை நழுவித் தண்ணீரில் விழுந்துவிட்டது. மூன்று நாள் கழித்து நான் பாளையங்கோட்டையிலிருந்து சேற்றை மிதித்துக்கொண்டு போனபோது நகைப்பெட்டி கட்டிலுக்கு அடியில் ஊறிக் கிடந்தது. பரணில் அந்தப் பெட்டிகள் உலர்ந்து இருந்தன.

பொங்கல் முடிந்ததும் சித்தப்பாமார் வந்தார்கள். துருப்பிடித்த மெஷினை இரும்பு விலைக்குப் போட்டுவிடலாம், இடத்துக்கு நல்ல விலை வரும், அவரவர் பங்கைப் பிரித்துக்கொள்ளலாம். பேசி முடித்து என்னைப் பார்த்தார்கள். நானும் விற்றுவிடலாம் என்றுதான் சொன்னேன். நல்லெண்ணம்தான். அவளுக்கு ஒரு நிரந்தர வைப்பு இருக்கும், பையன் படிப்பு இருக்கிறது. எனக்கும் வீட்டுக் கடன் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் படியில் நின்றுகொண்டிருந்தாள். "ஒரு வருசம் குடுங்க. அதுக்குள்ள ஓடலன்னா நானே ஆக்கர்காரனக் கூப்புடுதேன்" என்றாள். ஒரு சித்தப்பா சிரித்தார். பிறகு அவள் தனியாக என்னிடம், "நீங்க சனிக்கிழமை வருவீயளா மதினி? டார்ச்சு புடிக்க ஆள் வேணும்" என்றாள்.

அப்படித்தான் நான் முதன்முதலாக ஆயுத பூசை இல்லாத ஒரு நாளில் அந்தப் படியைத் தாண்டினேன். வயது நாற்பத்தைந்து.

உடை ஒரு பிரச்சினைதான். அதில் சட்டம் சொன்னது பொய்யில்லை. முந்தானையும் துப்பட்டாவும் சுழலும் தண்டில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். அவள் சுடிதாருக்கு மேல் தம்பியின் காக்கிச் சட்டையைப் போட்டு, கை பட்டனை இறுக்கி, கூந்தலைக் கொண்டையிட்டு ஒரு துணியால் கட்டிக்கொண்டாள். எதிர்வீட்டு ஆச்சி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். எனக்கும் அந்தச் சட்டையைப் பார்க்க முதல் நாள் ஒரு மாதிரி இருந்தது.

எக்ஸ் மோட்டாரின் நான்கு வயரில் ஒட்டுத்தாள் ஊறி எழுத்து அழிந்துவிட்டது. மோட்டாருக்குள் இரண்டு சுருள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நுனி. எது எதற்கு ஜோடி? அவள் மீட்டரைத் தேடவில்லை. இரண்டு நுனிகளை முறுக்கிச் சேர்த்துவிட்டு, "தண்டக் கையால திருக்கிப் பாருங்க மதினி" என்றாள். எளிதாகச் சுழன்றது. நுனியை மாற்றிச் சேர்த்தாள். இப்போது தண்டு கையில் இறுகியது. ஒவ்வொரு பல்லாகக் கட்டுக்கட்டென்று எதிர்த்தது. "அது ரெண்டும் ஒரே சுருளு." மின்சாரமே இல்லாமல், ஒரு கம்பியின் இரு நுனிகள் தொட்டதும் அந்த இரும்பு எதிர்க்கிறது. நான் சும்மாவே நாலைந்து முறை திருகிப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தாள்.

அவள் தவறும் செய்தாள். கரண்ட் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றக் கூடாது. கழற்றினால் டிரைவர் போய்விடும். புதிதாக வாங்கிய எக்ஸ் டிரைவரை அப்படி ஒரு மதியம் எரித்துவிட்டாள். ஐயாயிரத்துக்கு மேல். அன்று இரவு சாப்பிடவில்லை என்று அம்மா போனில் சொன்னார். தம்பி எத்தனை எரித்தான் என்று அம்மாவிடம் கேட்டேன். "அவன் எரிச்சா யாரு கணக்குப் பாத்தா" என்றார் அம்மா.

இரண்டாவது டிரைவர் வேறு கம்பெனி. மாட்டி, மாக்-3ஐத் திறந்து, 10 மில்லிமீட்டர் போகச் சொன்னோம். மேசைமேல் வைத்த டயல் கேஜைப் படிப்பது என் வேலை. 8 காட்டியது. திரும்ப 10 என்றோம், மறுபடி 8. மிகத் துல்லியமான தப்பு. தம்பியின் கோடு போட்ட நோட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது: 'எக்ஸ் 320, ஒய் 320'. கம்ப்யூட்டரிலும் 320தான். அப்புறம் ஏன்?

என் முனைவர் பட்ட ஆய்வு பாடவேறுபாடுகளைப் பற்றியது. ஒரு ஏட்டில் ஒரு சொல், இன்னொன்றில் வேறு சொல். எதைக் கொள்வது, எதை அடிக்குறிப்பில் வைப்பது. எனவே என் மூளை உடனே 'மூலத்தில் பிழை' என்றது. தம்பி தப்பாக எழுதியிருக்கலாம் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. நோட்டை வாங்கி மூடினாள். பிறகு சுவரில் சாக்பீஸால் எழுதினாள். 3200 துடிப்பு போயிருக்கிறது. 8 மில்லிமீட்டர் என்றால் ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல், 1.6 சுற்று. 3200ஐ 1.6ஆல் வகுத்தால் 2000. புது டிரைவர் ஒரு படியை எட்டாக அல்ல, பத்தாக உடைக்கிறது. டிரைவரின் பக்கவாட்டில் அரிசி மணி அளவில் வரிசையாக வெள்ளைச் சுவிட்சுகள் உண்டு, டிப் சுவிட்ச். எது மேலே எது கீழே என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய டிரைவரின் வரிசையை அப்படியே இதிலும் வைத்திருந்தோம்.

இனி இரண்டு வழி. கம்ப்யூட்டரில் 320ஐ 400 ஆக்கலாம். பத்து வினாடி வேலை. அல்லது மெயினை இறக்கி, டிரைவரைத் திறந்து, சுவிட்சுகளை 1600க்கு மாற்றலாம். நான் முதல் வழியைச் சொன்னேன். அவள் மெயினை இறக்கினாள். ஊசி நுனியால் சுவிட்சுகளைத் தள்ளிக்கொண்டே, "அவிய எழுதுனது சரின்னு இருக்கட்டும்" என்றாள்.

அந்த வாரம் வகுப்பில் பாடத்தை விட்டுவிட்டு லலிதாவின் கதையைச் சொன்னேன். அய்யலசோமயாஜுல லலிதா 1919இல் சென்னையில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். 1937இல் கைக்குழந்தைக்கு நான்கு மாதமாகும்போது கணவர் இறந்துவிட்டார். தகப்பனார் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் முயற்சியால் 1940இல் அங்கே சேர்ந்தார். திரேசியா, லீலம்மா ஜார்ஜ் என்று இன்னும் இரு பெண்கள் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்றுதான் அச்சிட்டிருந்தது. அதை அடித்துவிட்டு 'அவள்' என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். கல்கத்தாவில் வேலை பார்த்தபோது பக்ரா நங்கல் அணைக்கான மின்பொறியியல் வேலையில் அவருக்கும் பங்குண்டு. 1964இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்களின் முதல் உலக மாநாட்டுக்குப் போனார். எல்லாம் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி, "அவங்க அப்பா பேராசிரியர் மேடம்" என்றாள். நியாயம்தான். எல்லா லலிதாக்களுக்கும் அப்பா பேராசிரியராக இருக்க மாட்டார். நாங்களும் அதைத்தான் பேசினோம், மணி அடிக்கும்வரை.

இந்த ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. வண்ணார்பேட்டையிலிருந்து ஜங்ஷனுக்கு ஆற்றைக் கடக்கும் பாலம் 1843இல் சுலோச்சன முதலியார் சொந்தப் பணத்தில் கட்டியது. அதில் அவர் மனைவியின் நகைகளும் போயின என்று ஊரில் சொல்வார்கள். பாலத்தின் பெயரில் அந்த அம்மாள் இல்லை. அதே 1843இல்தான் லண்டனில் ஏடா லவ்லேஸ், கட்டப்படாத ஓர் எந்திரம் எப்படிக் கணக்குப் போடும் என்று குறிப்புகள் எழுதி வெளியிட்டார், முழுப் பெயர் போடாமல், முதலெழுத்துகளோடு.

பட்டறைக்கு வருகிறேன். எக்ஸ் சரியாகிவிட்டது. பம்புக்கான ஃப்ளேஞ்ச் ஒன்று, வட்டமாக எட்டு ஓட்டை, முதல் ஆர்டராக வந்தது. இசட்டைக் கையால் இறக்கிக்கொள்ளலாம். முதல் துண்டு நன்றாக வந்தது. இரண்டாவதில் கடைசி ஓட்டை 0.3 மில்லிமீட்டர் தள்ளி. மூன்றாவதில் 0.6. ஒரு வாரம் இப்படி. டூலை மாற்றினாள், இறுக்கிப் பிடித்தாள், திருகில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தாள். ஆட்டம் என்றால் ஒவ்வொரு முறையும் அதே அளவுதான் தப்பும், சேர்ந்துகொண்டே போகாது என்றாள். இது சேர்கிறது. அப்புறம் ஒருநாள் காலை ஆறு மணிக்குப் போன். "மதினி, எல்லாத் தப்பும் 0.1ஓட மடங்கா இருக்கு. 0.3, 0.6, 0.4. 0.25ன்னு ஒண்ணு கூட இல்ல."

அந்த மோட்டாரின் உள்ளே இருக்கும் சக்கரத்துக்கு 50 பல். பாரம் தாங்காமல் அது வழுக்கினால் கொஞ்சமாக வழுக்க முடியாது. ஒரு பல் முழுதாகத் தாண்டித்தான் அடுத்த இடத்தில் பிடிக்கும். ஒரு பல் என்பது சுற்றில் ஐம்பதில் ஒரு பங்கு; 5 மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு 0.1. "படி விடுது மதினி." ஒய் அச்சுதான். அந்த அச்சு தன் பாரத்தோடு எக்ஸ் மேசையையும் சேர்த்துச் சுமக்கிறது.

இதில் என்னைக் கலக்கியது ஒன்று. கம்ப்யூட்டருக்கு இது தெரியவே தெரியாது. அது துடிப்பை அனுப்புகிறது. மோட்டார் போனதா, வழுக்கியதா என்று கேட்பதில்லை. கேட்க ஒரு வயரும் இல்லை. திரையில் எண்கள் எல்லாம் சரியாக நிற்கின்றன. விலை கூடிய சர்வோ மோட்டார்கள் திரும்பப் பதில் சொல்லும். ஸ்டெப்பர் சொல்லாது. நம் மொழியில் படி தாண்டியவள் என்றாலும் படி தவறியவள் என்றாலும் ஒரே பொருள்தான். அதை யோசித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது அவள் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் ஸ்டெப்பருக்கு நிற்கும்போதுதான் பலம் அதிகம். வேகம் கூடக் கூடக் குறையும். மாக்-3இல் வேகம் நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் என்று இருந்தது, மோட்டாருக்கு 600 சுற்று. 2400க்கு இறக்கினாள். டயல் கேஜைப் பூஜ்யத்தில் வைத்து, மேசையை இருபது முறை முன்னும் பின்னும் ஓட்டி, பூஜ்யத்துக்கு அழைப்பது. 0.2 தள்ளி. 1800. 0.1. வேகத்தை எட்டிப் பிடிக்கும் முடுக்கத்தையும் பாதியாக்கினாள். 1500இல் ஐந்து ஓட்டத்தில் ஒன்று தப்பியது. 1200இல் முள் அசையவில்லை. அறுபது ஓட்டம் பார்த்தோம். வெளியே இருட்டிவிட்டது.

மோட்டாரைத் தொட்டேன், கையை இழுத்துக்கொண்டேன். அரை மணி நேரமாக அது அசையவே இல்லை. "நிக்கும்போதும் கரண்டு போய்க்கிட்டுத்தான் இருக்கும். இடத்தப் புடிச்சு வச்சுக்கணும்லா" என்றாள். நிற்கும்போது பாதி கரண்ட் போதும் என்று சொல்ல டிரைவரில் ஒரு சுவிட்ச் இருக்கிறதாம். நாலாவது. அதைத் தள்ளினாள்.

நோட்டின் பின் பக்கங்களில் தம்பி எழுதிய ஒரு வரி எங்களுக்குப் புரியாமலே இருந்தது: 'ஒய் 12 போதும்'. ஆம்பியராக இருக்குமோ என்றால் டிரைவருக்கு அவ்வளவு இல்லை. மோட்டாரின் வலிமை என்று நான் பாடம் கொண்டிருந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது, கொக்கிரகுளம் தாண்டுமுன், சட்டென்று தோன்றியது. 12 இல்லை, 1200. உடனே போன் செய்தேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தம் இல்லை. "அப்போ மொதல்லயே பாத்து வச்சிருக்காவ" என்றாள். எனக்கு முழு நிச்சயம் இல்லை. ஒரே சான்றை வைத்துப் பாடம் தீர்மானிக்கக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்பவள் நான். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஆர்டர் போயிற்று. அடுத்ததும் வந்தது. வருடக் கெடு முடியும் மாதத்தில் ஒரு பத்திரத்தாளோடு அவள் வீட்டுக்குப் போனேன். என் பங்கை அவளுக்கு எழுதிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். தம்பிக்குப் போட மறுத்த கையெழுத்தை இவளுக்குப் போடுவது கொள்கைக்கு உகந்ததா என்று இரண்டு இரவு யோசித்துத்தான் போனேன். அவள் தாளை வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது எதுக்கு மதினி? பங்கு இருக்கட்டும். பங்கு இருந்தாத்தான சனிக்கெழம வருவீய."

பிறகு நோட்டை எடுத்துக் காட்டினாள். தம்பியின் '320'க்குக் கீழே, அவளுடைய சாய்ந்த கையெழுத்தில், தேதியோடு, 'ஒய் வேகம் 1200' என்று எழுதி, அதற்கும் கீழே 'இசட்' என்று போட்டு, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். இசட்டுக்குத் தலைப்பாரம் முழுதும் தாங்க வேண்டும், இரண்டுக்கு ஒன்று பெல்ட் போட்டால் மில்லிமீட்டருக்கு 640 வரும் என்றாள். மோட்டார் கோயம்புத்தூரிலிருந்து வியாழக்கிழமை வந்துவிடும்.